அறுநூற்றுப் பதினொரு பதிவுகள்

2010 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. காலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த சாரல் நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. மேற்கேயிருந்து காற்று. வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. மழைமானி வைத்து அளந்திருந்தால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரின் அறையில், அந்த நேரத்தில், என் பையிலிருந்து பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் வைத்தேன்.

முப்பத்தொரு வருடம் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். காலை எட்டு மணிக்கு மழையை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். சானல் வாய்க்காலில் தண்ணீர் எத்தனை அடி ஓடுகிறது என்று எழுத வேண்டும். மழை பெய்யாத நாளிலும் 'இல்லை' என்று எழுத வேண்டும். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் மாடிப்படி பதினேழு. முற்றத்துத் தென்னையில் அந்த வாரம் நாற்பத்திரண்டு காய். படுக்கும் முன் கேஸ் அடுப்பின் குமிழை மூன்று தடவை பார்ப்பேன். நான்காவது தடவைக்கு எழுந்தால் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: "அது மூடித்தான் கிடக்கு. படும்வே."

அந்தக் குரலுக்கு உரியவரைத்தான் அன்றைக்கு மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு, அவருக்கு ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தோம். ஊருக்கு அவர் என் வீட்டு மாடியில் குடியிருப்பவர். மாடியில் அவருக்கு ஒரு கட்டிலும் உண்டு. அதில் மிளகாய் வற்றல்தான் கிடக்கும். இதற்கு மேல் விளக்கி எழுத எனக்கு வராது. புரிந்துகொள்கிறவர்களுக்கு இது போதும்.

தோவாளைப் பூ மார்க்கெட்டில் அவருக்குச் சின்னதாக ஒரு கமிஷன் கடை. பிச்சி, அரளி, கொழுந்து எல்லாம் தோட்டக்காரர்களிடமிருந்து வாங்கி எடை போட்டு வெளியூர் வியாபாரிகளுக்குக் கொடுப்பார். 1988-இல், தன் தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதித்தரச் சொல்லி என் மேசை முன்னால் வந்து நின்றார். எழுதிக்கொடுத்தேன். தண்ணீர் வந்தது. அவர் ஒரு பொட்டலம் பிச்சிப்பூ கொண்டுவந்து, "வீட்டுல அவங்களுக்குக் கொடும்" என்றார். வீட்டில் யாரும் இல்லை என்றேன். "எங்க வீட்டுலயும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரிப்பு அப்படி. பேசினால் இரண்டு கையும் சேர்ந்து பேசும். நடந்தால் தோள் ஒரு பக்கமாக அசையும்.

மார்க்கெட்டில் அதை வைத்துத்தான் அவரைக் கேலி செய்தார்கள். முதலில் இருந்தே உண்டு. ஆனால் முன்பெல்லாம் அது முதுகுக்குப் பின்னால் நடக்கிற காரியம். 2009 ஜூலையில் டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது, எங்களைப் போலச் சேர்ந்து வாழும் ஆண்கள் குற்றவாளிகள் இல்லை என்று. அந்தப் பேப்பரை அவர் மூன்று தடவை வாசித்து, மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார். ஆனால் டிவியில் நாள் முழுவதும் அதையே பேசியதில், மார்க்கெட்டுக்கு அதுவரை பெயர் தெரியாமல் இருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதன் பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

தீர்ப்பு வந்த வாரம்தான் நான் அந்தப் பச்சை நோட்டைத் தொடங்கினேன். என் கணக்கு எளிமையானது. குற்றமில்லை என்று ஆகிவிட்டதால், இனி திட்டுகிறவன்மேல்தான் புகார் கொடுக்கலாம். புகாருக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்குப் பதிவு வேண்டும். மழைப் பதிவேட்டைப் போலவே ஐந்து கட்டம் போட்டேன்: தேதி, நேரம், இடம், சொன்னவர், சொன்ன வார்த்தை.

மத்தியானம் இரண்டரைக்கு அவர் வீட்டுக்கு வருவார். சற்று படுத்து எழுந்து மாடி வராந்தாவில் உட்கார்ந்ததும், பால் விடாத கட்டன் சாயா ஒரு கிளாஸ் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பேன்.

"இன்னைக்கு என்னவே சொன்னானுவ?"

முதல் மாதங்களில் அவர் அதை நாடகம் போல நடித்தே காட்டுவார். சுமை இறக்குகிறவர் குரலில், "என்ன மயினி, மாலை யாருக்கு?" என்பார். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற முறையில் அவரைக் கூப்பிடுவதுதான் அங்கே பெரிய வேடிக்கை. டீக்கடைக்காரர் குரலில், "மயினிக்கு ஒரு ஸ்ட்ராங், சீனி தூக்கலா" என்பார். நானும் சிரித்திருக்கிறேன். சாயா குடித்து முடிந்ததும் கீழே என் மேசைக்குப் போய் எழுதிவிடுவேன். எழுதுவது அவருக்குத் தெரியாது. அவருக்காகச் செய்கிற காரியம், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மார்கழி வாக்கில் அவர் நடிப்பதை நிறுத்தினார். சொல்வது மட்டும் நடந்தது. பங்குனியில் அதுவும் சுருங்கியது. "பழசுதான்" என்பார். நான் விடமாட்டேன். "பழசுல எது? யாரு? எத்தனை மணிக்கு?" கேட்டுக் கேட்டு வாங்குவேன். விட்டுப்போன நாள் என்று ஒன்று பதிவேட்டில் இருக்கக்கூடாது என்பது எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அதற்குள் அவர் உடம்பு இறங்க ஆரம்பித்திருந்தது. பூ நிறுக்கிற தராசில் ஏறி நின்றால் அறுபத்து நான்கு கிலோ இருந்தவர், ஐம்பத்தேழுக்கு வந்தார். இரண்டு மணிக்கு விழித்துவிடுவார். எடைக்கல் வைக்கிறபோது கை நடுங்குகிறது என்றார். நெஞ்சு அடைக்கிறது என்றார். ஈசிஜி எடுத்தோம். சரியாக இருந்தது. ஆடி மாதம் ஒரு மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் தட்டில் அப்படியே இருக்க, சாதாரணமாகச் சொன்னார்:

"தூங்கினா எழும்பாமலே போயிட்டா நல்லா இருக்கும்வே."

அவர் தட்டில் கிழங்குத் துண்டு பதினொன்று இருந்தது. அதை நான் ஏன் எண்ணினேன் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

மருத்துவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சீட்டில் விவரம் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும் சார்?"

"வீட்டு ஓனர்" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறொன்றும் கேட்காமல் அதை எழுதிக்கொண்டார். பிறகு அவரிடம், வெளியில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டார்.

"சொல்லுவானுவ டாக்டர். மார்க்கெட்டுன்னா சத்தம் இருக்கும்லா. அதெல்லாம் பாத்தா பிழைக்க முடியுமா?"

"அவர் மறைக்கிறார் டாக்டர்" என்றேன் நான். "நான் எழுதி வச்சிருக்கேன். தேதிவாரியா இருக்கு. பதிமூணு மாசம். மொத்தம் அறுநூத்திப் பதினொண்ணு."

நோட்டை மேசைமேல் வைத்தேன். மருத்துவர் இரண்டு பக்கம் புரட்டினார். புரட்டின கை நின்றது.

"அதை இஞ்ச தாங்க" என்றார் அவர்.

மருத்துவர் கொடுக்கத் தயங்கினார். அவரே எட்டி எடுத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். என் கையெழுத்து குண்டு குண்டாக, யாருக்கும் புரியும்படி இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். காலை 6.20, தராசுப் பக்கம், சுமை இறக்குபவர். காலை 7.05, டீக்கடை. 'மயினி' என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததால், அதற்குச் சுருக்கமாக 'ம' என்று போட்டு, மாதக் கடைசியில் எத்தனை 'ம' என்று கூட்டியிருந்தேன். மற்ற வார்த்தைகளைச் சுருக்காமல் முழுதாக எழுதியிருந்தேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

ஆறு பக்கம் வாசித்தார். நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தாங்க டாக்டர்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்றுதான் பதில் வந்தது.

பத்து நாளைக்கு இரண்டு விதமான மாத்திரை, ஒவ்வொன்றிலும் பத்து. தூக்கம் சீராக நாளாகும், பாதியில் நிறுத்தக்கூடாது, தனியாக விடவேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வடசேரி பஸ் நிலையத்தில் வழக்கம்போல அவர் முன்வாசலிலும் நான் பின்வாசலிலும் ஏறினோம். அது எங்கள் ஏற்பாடு. ஒரே ஊருக்குப் போனாலும் தனித்தனி டிக்கெட், தனித்தனி இருக்கை. தெருவில் நடந்தால் பதினைந்து அடி இடைவெளி. சினிமாவுக்குப் போனால் இரண்டு வரிசை. இந்த ஏற்பாடு எல்லாம் நான் செய்தது. இருபத்திரண்டு வருடமும் பிசகாமல் நடந்தது.

வீட்டுக்கு வந்து அவர் என்னோடு பேசவில்லை. மாடிக்குப் போய், மிளகாய் வற்றலை அள்ளிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. ஓணத்துக்கு இன்னும் ஒரு வாரம். வருடத்தில் தோவாளைக்கு அதைவிடப் பெரிய வாரம் கிடையாது. கேரளத்துக்காரர்கள் லாரி கொண்டுவந்து நிற்பார்கள். அவர் கடைக்குப் போகவில்லை. பக்கத்துக் கடையில் வாடாமல்லி விற்கிற அம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சிக்கு என்ன? சரக்கு மலையா வந்து கிடக்கு. நான் ரெண்டு கடையும் பாக்கவா? எனக்கு இருக்கிறது ரெண்டு கையில்லா?"

"உடம்பு சரியில்ல" என்றேன்.

"உடம்பா மனசா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் தேடுவதற்குள், "சரி, பாத்துக்கிடுங்க. நான் வித்து வைக்கேன்" என்று போனை வைத்தார்.

நான் மூன்று வேளையும் பதினேழு படி ஏறிச் சாப்பாடு வைத்தேன். மாத்திரையைத் தினமும் எண்ணினேன். இருபது, பதினெட்டு, பதினாறு. சரியாக இருந்தது. சரியாக இருப்பதுதான் எனக்கு ஒரே நிம்மதி. கட்டன் சாயாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பேன். என்ன கேட்பது என்று தெரியாது. அத்தனை நாளும் எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு கேள்விதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கீழே வந்தார். கையில் ரெக்சின் பை. நாலாவது படியில் உட்கார்ந்தார்.

"காலையில ஆரல்வாய்மொழிக்குப் போறேன். அக்கா வீட்டுக்கு."

"எப்ப வருவீரு?"

"பாக்கலாம்."

"ஓணம் கழிஞ்சா?"

"பாக்கலாம்னு சொன்னேம்லா."

அவருடைய அக்காவுக்கு எழுபது வயது, கண் சரியாகத் தெரியாது. அங்கே மாத்திரையை யார் எண்ணுவார்கள்? கிழங்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்ன வாக்கியம் இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனால் அது அவரோடு தனியாகப் போகும். இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"அந்த நோட்டு உமக்காகத்தான் எழுதினேன்வே. கம்ப்ளைண்டு கொடுக்கணும்னு."

"எந்தக் கம்ப்ளைண்டு? பதிமூணு மாசத்துல ஸ்டேஷன் வாசல்ல ஒரு நாளு நின்னீரா?"

நிற்கவில்லை. மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் எதிர்க்கடையில் சாயா குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எழுதிக்கொடுப்பவனுடைய பெயர், விலாசம், உறவு எல்லாம் கேட்பார்கள்.

அவர் குனிந்து பையின் வாரைத் தடவிக்கொண்டே பேசினார்.

"தெனமும் சாயாவைக் கையில தந்து, இன்னைக்கு என்னவே சொன்னானுவன்னு கேப்பீரு. நான் என்ன நெனச்சேன்? சொன்னா என் மனசு ஆறும்னு கேக்கீருன்னு நெனச்சேன். அந்த அரை மணி நேரத்துக்காவ வேண்டிதான் நான் அந்த மார்க்கெட்டுல எட்டு மணி நேரம் நின்னேன். வீட்டுக்குப் போயி சொல்லணும்னு மனசுல நடிச்சுப் பாத்துகிட்டே நிப்பேன். நீரு என்னன்னா கீழ போயி எழுதுதீரு."

"மறந்திரக் கூடாதுன்னு..."

"நான் மறக்கத்தான்வே உம்மட்ட சொன்னேன்."

முற்றத்தில் காற்றுக்கு ஒரு ஓலை விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "அவனுவ சொன்னது அவனுவ வாயோட போச்சு. கண்ண மூடினா அவனுவ சத்தம் எனக்குக் கேக்காது. உம்ம சத்தம்தான் கேக்கும்."

"நான் என்ன சொன்னேன்?"

அவர் விரலை மடக்கினார். எண்ணுவது என் பழக்கம். அவர் எண்ணி நான் பார்த்ததில்லை.

"கையை வீசாதேயும். பைய சிரியும். அந்த ரோஸ் சட்டை வேண்டாம். வாசல்ல நிக்காதேயும், ஆளு போவுது. பஸ்ஸுல நீரு முன்னால ஏறும், நான் பின்னால ஏறுதேன். கல்யாண வீட்டுல என் பந்தியில இருக்காதேயும். தோளை ஆட்டாம நடவும். போன்ல பேசும்போது குரலக் குறையும்." எட்டு விரல் மடங்கியிருந்தது. "இதெல்லாம் அந்த நோட்டுல இருக்கான்னு தேடினேன். ஆறு பக்கம் தேடினேன். இல்ல."

"அது உம்ம நல்லதுக்கு..."

"சுமை இறக்குதவனும் ஒரு நாளு என்னைத் தனியாக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னான். ஒம்ம நல்லதுக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி, கொஞ்சம் ஆம்பிளை மாதிரி நில்லும்னு. அது உம்ம நோட்டுல இருக்கு. தேதியோட இருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வீட்டு ஓனர்" என்றார். கோபமாகக் கூட இல்லை. புது ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பது போல.

அவர் மேலே போன பிறகு நான் மேசையில் உட்கார்ந்தேன். பச்சை நோட்டின் கடைசியில் பதினான்கு பக்கம் வெறுமையாக இருந்தது. நான் சொன்னதையும் எழுதிவிட வேண்டும் என்று ஐந்து கட்டம் போட்டேன். சொன்னவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தேதிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் இருபத்திரண்டு வருடத்துக்கு எண்ணாயிரத்து முப்பது. நாளைக்கு ஒன்றோடு நின்றிருக்கவில்லை. மார்க்கெட்டில் இருந்த அத்தனை பேரும் பதிமூன்று மாதத்தில் சொன்னது அறுநூற்றுப் பதினொன்று. பேனாவை மூடி வைத்தேன்.

நான் பயந்தேன் என்பதுதான் உண்மை. அவர்மேல் விழுகிற பார்வை நகர்ந்து என்மேல் விழுந்துவிடும் என்று பயந்தேன். அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்து, அதைத் தினமும் அவரிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கத்தியதே இல்லை. கத்தாததால் அது திட்டு இல்லை என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. இதை எழுதும் 2012 வரைக்கும் அந்த மருத்துவரிடம் பத்தொன்பது தடவை போயிருக்கிறோம். மாத்திரை ஒருமுறை மாற்றினார், ஒருமுறை கூட்டினார், இப்போது ஒன்றுதான். அடுத்த தடவை போனபோது அவரே மருத்துவரிடம், "டாக்டர், அன்னைக்கு எழுதின சீட்டுல ஒரு தப்பு இருக்கு. ஓனர் இல்ல, வீட்டு ஆளு" என்றார். மருத்துவர் அடித்துவிட்டுத் திருத்தினார். தராசில் அவர் அறுபத்தொரு கிலோ வரை ஏறியிருக்கிறார். சில வாரங்கள் பழையபடி இரண்டு மணிக்கு விழிக்கிறார். நான் அப்போது கேஸ் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மார்க்கெட் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. நோட்டை நான் கிழிக்கவில்லை. கிழித்தால் எத்தனை துண்டு என்று எண்ணுவேன். பரணில் கிடக்கிறது.

ஆனால் இதெல்லாம் பின்னால். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்கு இதில் எதுவும் தெரியாது.

ஐந்து பத்துக்கு பஸ். எங்கள் ஊரிலிருந்து தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்குப் போகும். அவர் பையோடு படி இறங்குகிற சத்தம் கேட்டது. பதினேழும் கேட்டேன். நான் வேட்டி மாற்றி, வாசலில் நின்றிருந்தேன்.

"நீரு எங்க?"

"கூட வாறேன்."

"எதுக்கு?"

"சும்மா."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பதினைந்து அடி விடவில்லை. பக்கத்தில் நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் எங்களைப் பார்ப்பதாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். அதில் ஒருவர் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. அவர் முன்வாசலுக்குப் போனார். நானும் முன்வாசலுக்குப் போனேன். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஏறி, இரண்டு பேர் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் பஸ்ஸில் அவர் தோள் என் தோளில் இடித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நிறுத்தத்தில் வாடாமல்லி அம்மாள் இரண்டு கூடையோடு ஏறினார். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே நின்றுவிட்டார்.

"யாரிது? ரெண்டு பேரும் ஒரே சீட்டுலயா! இன்னைக்கு மழை பிச்சு உதறப்போவுது."

"குடை எடுத்திருக்கியா மக்கா?" என்றார் அவர். நாலு நாளைக்குப் பிறகு அவர் குரலில் அந்தப் பழைய இழுப்பு.

"குடையா? நாலு நாளா உங்க கடைக்கும் சேத்து தொண்டை கிழியக் கத்திகிட்டு இருக்கேன். மூக்குத்தியை வித்துத்தான் குடை வாங்கணும். கொழுந்து ஒரு மூட்டை அப்படியே கிடக்கு பாத்துக்கிடுங்க. இன்னைக்கும் வரலன்னா மாட்டுக்குத்தான்."

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரியாத குரல்.

"மயினிக்கு இன்னைக்குக் கூட ஆளு உண்டு டோய்!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எழுத்தில் நூற்றுக்கணக்கான தடவை பார்த்த வார்த்தை. சொல்கிறவன் வாயிலிருந்தே காதால் கேட்டது அன்றைக்குத்தான். என் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

"ஏலே, காலங்காத்தால உன் வாயில புழு விழ" என்றார் வாடாமல்லி அம்மாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "உனக்குக் கூட வாறதுக்கு ஒரு நாயி உண்டாலே?"

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு, 1988-இல் அலுவலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்த அதே சிரிப்பு. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாதியில் அவர் கை பழக்கத்தில் வாயைப் பொத்தப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். பேனா எடுக்கப் போன கையால்தான் பிடித்தேன். விட மறந்துவிட்டேன். அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்க?"

"ரெண்டு டிக்கெட்" என்றேன் நான். எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை நான் சொல்லக்கூடாது. மடியில் அவர் பை கனத்தது. வெளியே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெரிய ஆரம்பித்திருந்தன. அவற்றை எண்ணவில்லை.

"எங்கன்னு சொல்லும் பெரியவரே. ஆரல்வாய்மொழியா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கண்டக்டரிடம் சொன்னார்:

"தோவாளை."

தோவாளை இரண்டு. எட்டு ரூபாய்.